எட்டாம் எண்ணைச் சொன்னவர்

திருப்பதி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தங்காவுக்கு,

"நான் ஓடைக்குள் கிடந்த நேரத்தில் குடிலில் என் எண்ணைச் சொன்னது யார்?" என்று கேட்டு எழுதியிருக்கிறாய். இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நம் நடைக் குழுவின் காரியதரிசி ராம்ப்ரசாத், வன அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப, நடந்ததை ஒவ்வொருவரையும் வரிசையாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். பாதி மயக்கத்தில் கீழே கொண்டுவரப்பட்ட உனக்கு அந்த வரிசை முழுதாகத் தெரிந்திருக்காது. அதையே உனக்கும் எழுதுகிறேன்.

ஜனவரியில் நெல்லிக்கோனைக் குடிலில் ஒரு வாரம் தங்கி, தினமும் ஒரு பாதையில் நடந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. பதினோரு பேர், ஆளுக்கு ஓர் எண். எனக்கு ஏழு, உனக்கு எட்டு. திரும்பியதும் வழிகாட்டி தனசேகர் வாசற்படியில் நோட்டோடு உட்காருவார். நாம் உள்ளே இருந்தபடி "ஒகடி, ரெண்டு, மூடு" என்று அவரவர் எண்ணைத் தெலுங்கில் சொல்வோம். பதினொன்றும் வந்ததும் நோட்டை மூடிவிட்டு அடிவாரத்துக்கு இறங்கி, அங்கே தங்கி, காலையில் பாலும் காய்கறியும் வாங்கிக்கொண்டு ஏறி வருவார். ஐந்தாம் நாள் ஐந்தே முக்காலுக்குப் பதினொன்றும் வந்தது. அவர் இறங்கிவிட்டார். ஏழரைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு தட்டு மிஞ்சியது. டார்ச்சோடு முதல் ஓடை வரை போய்க் கூப்பிட்டுப் பார்த்தோம். அதற்கு மேல் ஏறவோ, இருட்டில் அடிவாரத்துக்கு இறங்கவோ பாதை தெரிந்தவர் எங்களில் இல்லை. சிக்னலும் இல்லை. காலையில் பாலோடு வந்த தனசேகர்தான் உன்னைக் கண்டுபிடித்தார்.

அந்தத் தகரக் கூரையின் கீழே ஒருவர் பேசினால் மூன்று பேர் பேசுவது போலக் கேட்கும். யார் குரல் என்று உறுதியாகச் சொல்வது கடினம். காதில் விழுந்ததை மட்டும் வைத்து ஒன்றைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இங்கே நாங்கள் சௌக்கியம். வீட்டில் அவருக்குத் திருமலையில்தான் டியூட்டி. அத்திம்பேருக்கு என் நமஸ்காரம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே.

வஸுமதி


சித்தூர்
16 பிப்ரவரி 2025

செல்ல வஸுவுக்கு அத்தங்காவின் ஆசீர்வாதம்.

வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. உள்ளே ஒரு தகடும் ஐந்து திருகாணியும் இருக்கின்றனவாம். கதவுக்குப் போடுவது மாதிரி போட்டிருக்கிறார்கள் என்று உன் அத்திம்பேர் வருகிறவர்களிடமெல்லாம் எக்ஸ்ரே காட்டிக்கொண்டிருக்கிறார். நான் வேலைக்குத் திரும்பினால் மாடி ஏற முடியாது என்று பள்ளிக்கூடத்தில் என் மேஜையைக் கீழே, சத்துணவு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள்.

நீ ஆபீஸுக்கு எழுதுகிறது மாதிரி எனக்கும் எழுதியிருக்கிறாய். போகட்டும். போனில் "ம்", "சரி" தவிர உன் வாயிலிருந்து எதுவும் வராது. ஹாஸ்டலில் இருந்த நாளிலிருந்தே காகிதத்தில்தான் நீ பேசுகிறவள். அதனால் நான் போன் பண்ணப்போவதில்லை.

என் பங்குக்கு நடந்ததையும் கேட்டுக்கொள். இரண்டாவது ஓடையில் பாசி படிந்த கல். கால் திரும்பிய சத்தம் எனக்கே கேட்டது. உன்னைக் கூப்பிட்டேன். நீயும் நானும்தானே ஜோடி, அந்த நெல்லிமரத் திருப்பத்தில் எனக்காக நின்றிருப்பாய் என்று நினைத்தேன். இருட்டின பிறகு, எண் குறைந்திருக்கும், தனசேகர் வந்துவிடுவார் என்று நினைத்தேன். விடிகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் நான் ஊற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது நீ எனக்கும் சேர்த்து எண் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? நான்தான் சொல்லச் சொன்னேன். அதுபோல யாராவது விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார்களோ? சும்மா கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

ஸ்ரீப்ரியா


திருப்பதி
3 மார்ச் 2025

அன்புள்ள அத்தங்காவுக்கு வஸுமதி நமஸ்காரம்.

வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். அரிசி மூட்டைப் பக்கம் எலி இருக்கும், ஜாக்கிரதை.

அறிக்கை போய்விட்டது. தனசேகரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம்.

இங்கே காலேஜில் செய்முறைத் தேர்வு நடக்கிறது. போன வாரம் பௌதிக லேப்பில் வருகை எடுத்தபோது ஒரு மாணவி, வராத தன் தோழிக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் இதை எத்தனை முறை பிடித்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். எழுந்து நிற்கச் சொன்னேன். "பஸ்ஸில் வந்துக்கினே கீறா மேடம், அஞ்சு நிமிசத்துல வந்துடுவா" என்றாள். உட்காரச் சொல்லிவிட்டேன். வகுப்பே ஆச்சரியமாகப் பார்த்தது. தோழி நிஜமாகவே ஐந்து நிமிஷத்தில் வந்தாள்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. மோர் நிறையக் குடி.

வஸுமதி


சித்தூர்
20 மார்ச் 2025

வஸுவுக்கு ஆசீர்வாதம். நான் சௌக்கியம், கோல் இல்லாமல் வாசல் வரை போகிறேன்.

நேற்று ராம்ப்ரசாத் போன் செய்தார். தனசேகரின் வழிகாட்டி அட்டையைப் பிடுங்கிவிட்டார்களாம். "ஒத்தரு தப்புக்கு நம்ம குழுவுக்கே கெட்ட பேரும்மா, அதான் ரிப்போர்ட்டைக் கரெக்டா எழுதிட்டோம்" என்றார். பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஒரே பக்கம். "வழிகாட்டி தலைகளை நேரில் எண்ணாமல் பதிவு செய்த காரணத்தால்" என்று இருக்கிறது. தனசேகர் எண்ணாதது நிஜம். யாரோ பொய்யாக எண் சொன்னதும் நிஜம்தானே? அது ஏன் அதில் இல்லை?

அந்த இங்கிலீஷ் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. ராம்ப்ரசாத்துக்கு அவ்வளவு வராது. எழுதினது நீதானா?

இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

ஸ்ரீப்ரியா


சித்தூர்
27 ஏப்ரல் 2025

வஸுவுக்கு ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

போன கடிதம் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. யுகாதியும் போய்விட்டது. தபாலில் தொலைந்திருக்கும் என்று அத்திம்பேர் சொல்கிறார். தொலைந்திருக்காது என்று நான் சொல்கிறேன்.

ஸ்ரீப்ரியா


திருப்பதி
4 மே 2025

அன்புள்ள அத்தங்காவுக்கு நமஸ்காரம். விடைத்தாள் திருத்தும் வேலையில் எழுத முடியவில்லை. மன்னிக்கவும். ஆவக்காய் போட்டேன், ஒரு ஜாடி அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். காரம் சற்று தூக்கல். இங்கே எல்லோரும் நலம்.

ஆமாம், அறிக்கையை நான்தான் எழுதினேன்.

வஸுமதி


சித்தூர்
8 ஜூன் 2025

வஸுவுக்கு ஆசீர்வாதம். ஆவக்காய் தீர்ந்தே போயிற்று. காரம் சரியாகத்தான் இருந்தது.

நேற்று சாயங்காலம் வாசலில் யாரோ "எனிமிதம்மா!" என்று கூப்பிட்டார்கள். எட்டாம் எண் என்பதால் குடிலில் எனக்கு வைத்த பெயர் அல்லவா அது! போய்ப் பார்த்தால் தனசேகர். தோளில் துண்டு, கையில் ஒரு பை மாம்பழம். இங்கே சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் லோடு இறக்குகிறாராம். வரதய்யபாளையத்திலிருந்து பதின்மூன்று பேரை அழைத்து வந்து தங்கியிருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன். செருப்பை விட்டுவிட்டு வந்து, முதலில் என் காலைத்தான் பார்த்தார்.

"இன்னும் வலிக்கீதாம்மா?"

"மழை வந்தா வலிக்கும். உங்களுக்கு இங்கே வேலை எப்படி இருக்கு?"

"மாங்கா கனந்தாம்மா. மலை மாதிரி பேசாது, அது ஒண்ணுதான் கஷ்டம்." அவரே சிரித்துக்கொண்டார். "ஜூலை வரிக்கும் ஓடும். அப்பால இன்னா பண்றதுன்னு பாக்கணும். நாயுடுபேட்டையில வாச்மேன் வேலை இருக்குன்றாங்க. நின்னுக்கினே இருக்கணுமாம். நடந்து பழகின காலு, நிக்குமா?"

"நான் வேணும்னா ஆபீஸுக்கு எழுதட்டுமா, தனசேகர்? அடிபட்டவளே எழுதினா கேப்பாங்க."

"வேணாம்மா. எட்டு வருசம் ஆளை எண்ணிக்கினு இருந்தேன், ஒத்தரு கொறஞ்சதில்ல. கொறஞ்ச அன்னிக்கு நான் எழுந்து பாக்கல. இன்னான்னு எழுதுவீங்க?"

காபி கொடுத்தேன். டம்ளரைத் தானே கழுவி வைத்தார். படியிறங்கும்போது திரும்பி, "டீச்சரம்மா நல்லாக்கீறாங்களா? அவுங்கதான் அன்னிக்கு ரொம்பப் பயந்துட்டாங்க" என்றார்.

நல்லா இருக்கா என்று சொன்னேன். சரிதானே?

ஸ்ரீப்ரியா


திருப்பதி
15 ஜூன் 2025

அன்புள்ள அத்தங்காவுக்கு வஸுமதி நமஸ்காரம்.

எனிமிதி என்று சொன்னது நான்தான்.

இதற்கு மேல் எழுதுவதெல்லாம் சாக்குப்போக்காகப் படலாம். ஆனாலும் எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் நாம் இருவரும்தான் கடைசியில் வந்தோம். ராம்ப்ரசாத் முதல் நாளிலேயே நமக்கு 'தாபேலு ஜோடி' என்று பெயர் வைத்தார். ஆமை ஜோடி. நீ எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாய். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு நாற்பத்தொன்பது வயது. நல்ல மூச்சு இருக்கிறது. தினமும் காலையில் நடக்கிறவள். உன்னால்தான் கடைசியாக வருகிறேன் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும் என்று இருந்தது. இவ்வளவு அற்பமான காரணம்தான்.

ஐந்தாம் நாள் நெல்லிமரத் திருப்பத்தில் நின்றேன். ஐந்து நிமிஷம் இருக்கலாம். உன் குரல் கேட்டது. பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறாய் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது பாட்டாக இருந்திருக்காது. நான் கிளம்பிவிட்டேன். மூன்றாவது ஆளாகக் குடிலுக்கு வந்தேன். "தாபேலு முந்தே ஒச்சிந்தே!" என்று ராம்ப்ரசாத் கை தட்டினார், ஆமை முன்னாலேயே வந்துவிட்டதாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எண் சொல்லும்போது நீ இன்னும் வரவில்லை. எட்டு வராவிட்டால் தனசேகர் "எட்டை எங்கம்மா விட்டுட்டு வந்தீங்க?" என்று என்னைத்தான் கேட்பார், எல்லோர் முன்னாலும். இன்னும் பத்து நிமிஷத்தில் நீ வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். ஏழு என்று சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பி, குரலைக் கொஞ்சம் மெலிதாக்கி, எட்டையும் சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன், விளையாட்டுக்கு அல்ல. லெமன்கிராஸ் டீ வந்தது. குடித்தேன். ஆறரை ஆகியும் நீ வரவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் முழு இருட்டாகும் முன்னே யாராவது ஓடி இறங்கித் தனசேகரைக் கூட்டி வந்திருக்கலாம். ஏழரைக்குத் தட்டு மிஞ்சும் வரை சும்மா இருந்தேன். தட்டைப் பார்த்து மற்றவர்களோடு சேர்ந்து நானும் "ஐயோ, எட்டு எங்கே?" என்றேன்.

அறிக்கையை எழுதும்போது ஒரு வரியில் என்னைச் சேர்த்திருக்கலாம். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் தனசேகரின் தவறுதான் பெரிதாகத் தெரியும்படி அமைந்தது. எனக்கு எழுதத் தெரியும் என்பதுதான் அங்கே ஆபத்தாகிவிட்டது.

என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை.

வஸுமதி


சித்தூர்
22 ஜூன் 2025

வஸுவுக்கு.

சௌக்கியம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

எனக்குத் தெரியும். ஜனவரியிலேயே தெரியும். எனக்காக எண் சொல்ல அந்தக் குடிலில் வேறு யாருக்கும் அவசியம் இல்லை. உன் வாயால் வரட்டும் என்றுதான் முதல் கடிதத்திலேயே கேட்டேன். நீ தகரக் கூரையைப் பற்றி எழுதினாய். ஓடையில் கிடந்ததுகூட அவ்வளவு கஷ்டமாக இல்லை, வஸு.

நீ கிளம்பினபோது கேட்டது பாட்டு இல்லை. உன் பெயர்.

என் கால் என்னுடையது. அதை என்ன செய்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். தனசேகரின் பிழைப்பு என்னுடையது இல்லை. அதற்கு என்னிடம் எழுதி என்ன பயன்? எனக்கு எழுதின அதே தாளை வன அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடு. கொடுத்த பிறகு எழுது. அதுவரை வேண்டாம்.

ஸ்ரீப்ரியா


திருப்பதி
30 ஜூன் 2025

அன்புள்ள அத்தங்காவுக்கு நமஸ்காரம்.

கொடுத்த பிறகு எழுது என்றாய். ஒரு நாள் முன்னதாக எழுதுகிறேன், தபாலில் போடாமல் வைத்திருப்பேன். எழுதி வைத்துவிட்டால் பின்வாங்க மாட்டேன் என்று ஒரு எண்ணம். என்மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மூன்று பக்கத்தில் எழுதியதை ஒரு பக்கமாகக் குறைத்துவிட்டேன். என் பெயர் முதல் வரியில் இருக்கிறது. வீட்டில் அவரிடமும், ராம்ப்ரசாத்திடமும் சொல்லிவிட்டேன். அவர் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ராம்ப்ரசாத், "ஏன் மேடம், முடிஞ்சுபோனதை? குழுவுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்" என்றார். காலேஜில் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். வகுப்பில் இனி யார் பெயரையும் கூப்பிட முடியாது என்று தோன்றுகிறது. கூப்பிடத்தான் வேண்டியிருக்கும்.

நாளை லீவு போட்டிருக்கிறேன். காலையில் வன அலுவலகம், பிறகு சித்தூர் பஸ். தனசேகருக்கு வேலை திரும்பக் கிடைத்த செய்தியை நானே போய்ச் சொல்வதாகக் கற்பனை செய்துகொண்டிருக்கிறேன். அதுவும் எனக்காகச் செய்கிற கற்பனைதான் என்று தெரிகிறது.

ஜூலை 2. நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

பத்தரைக்கு அலுவலகம் போனேன். பாஸ்கர் என்று ஓர் அதிகாரி. என் தாளை இரண்டு முறை படித்தார்.

"இது ஜனவரி கேஸ் மேடம். ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சே. இப்ப எதுக்கு? யாராச்சும் கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?"

"இல்லை. நான்தான்."

"தனசேகர் இடத்துக்கு வேற ஆளைப் போட்டாச்சு. வர்ற ஜனவரியில புது லிஸ்ட் எடுப்போம். அப்ளை பண்ணச் சொல்லுங்க. அப்ப இந்த லெட்டரைச் சேர்த்துப் பாப்போம்." ஒரு முத்திரை குத்தி நகலைத் தந்தார். நான் இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, "அவ்வளவுதான் மேடம், நீங்க போகலாம்" என்றார். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம்.

சித்தூரில் இறங்கியதும் உன் தெருமுனை வழியாகத்தான் ஆட்டோ போனது. நிறுத்தச் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை.

ஃபாக்டரி வாசலில் வரிசையாக டிராக்டர்கள், பெங்களூரா வகை மாங்காய்க் குவியல், ஈ. காத்திருந்தேன். நாலரைக்குத் தனசேகர் வெளியே வந்தார். "மேடம்! இன்னா இம்மாந்தூரம்?" என்று துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தயார் செய்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"அன்னிக்கு எனிமிதின்னு சொன்னது நான்தான், தனசேகர்."

"தெரியும்மா."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நாலு நாளு அந்தம்மா கொரலு கேட்டுக்கினு இருந்தவன். தெரியாதா? ரெண்டாம் நாளும் நீங்கதானே சொன்னீங்க. அதுமாதிரி ஊத்தாண்ட கால் கழுவிக்கினு இருப்பாங்கன்னு எழுதிக்கினேன்."

"எழுந்து வந்து பாத்திருக்கலாமே."

"வேற யாராச்சும் சொல்லியிருந்தா வந்திருப்பேன். நீங்க காலேஜ் டீச்சரு."

அலுவலகத்தில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "கொரலு மாறுனது தெரிஞ்சும் எழுதிக்கினேன்னா? அது எனக்குத்தாம்மா அசிங்கம்" என்றார். முத்திரை குத்திய நகலைக் கொடுத்தேன். ஜனவரியில் விண்ணப்பிக்கும்போது நானும் கூட வருகிறேன் என்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பாக்கலாம்மா" என்றார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு அவருடைய ஆட்களைத் தங்குமிடத்துக்கு ஏற்றிப்போக மினி லாரி வந்தது. ஏறி உட்கார்ந்தவர்கள் ஒகடி, ரெண்டு என்று எண் சொன்னார்கள். அவர் ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்து எண்ணிக்கொண்டே போனார். பதின்மூன்றாவது எண்ணுக்கு ஆள் இல்லை. குழாயடியில் ஒரு பெண் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். லாரிக்குள் இருந்து இன்னொருத்தி அவளுக்கும் சேர்த்து "பதமூடு" என்று குரல் கொடுத்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். தனசேகர் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, இறங்கி, குழாயடி வரை நடந்துபோய், அவள் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அவளும் ஏறிய பிறகு வண்டி போயிற்று.

வஸுமதி